தொண்ணூற்று நான்கு மில்லிமீற்றர்

கோடு முதலில் பிள்ளையாரில் தெரிந்தது,
தும்பிக்கைக்குக் குறுக்கே மெல்லிய றோசா.
பிறகு தேவாரத்தின் மூன்றாம் அடியில்.
பிறகு காலமானவரின் நெற்றியில்.

முப்பத்தோராம் நாள் வியாழன்.
கல்வெட்டு இருநூறு பிரதி.
இன்று செவ்வாய், விடாத மழை,
ஸ்ரான்லி வீதியில் கணுக்கால் வெள்ளம்.
கடைக்குள் நானும் கோபிதனும் பிறின்ரரும்.

"ரோனர் முடிஞ்சிருக்கும் அண்ணை."
எது பிழைத்தாலும் அவனுக்கு ரோனர்தான்.
கழற்றிக் குலுக்கினோம்; கோடு வந்தது.
பேப்பர் ஈரமாக்கும் என்று
புதுக் கட்டு உடைத்தோம்; வந்தது.
லேசர் கண்ணாடியைப் பஞ்சால் துடைத்தேன்,
கைக்குழந்தையின் காதைத் துடைக்கிற பக்குவத்தில்.
அதற்கும் மசியவில்லை.
இடையில் கறன்ற் போய் வந்தது.
இயந்திரம் ஆறு நிமிசம் தனக்குள் முனகிவிட்டு
அதே கோட்டைப் போட்டது.

நிறத்துக்கு ஒரு தாளாய் முழுதும் நிரப்பி அடித்தேன்.
மஞ்சள் சுத்தம்.
கறுப்பு சுத்தம்.
நீலத்தில் ஒரு சுருக்கமில்லை.
மஜந்தாவில் பிடிபட்டது:
ஒன்று, கீழே ஒன்று, அதற்கும் கீழே ஒன்று.
அடிமட்டம் வைத்தேன்.
தொண்ணூற்று நான்கு மில்லிமீற்றர்.
அடுத்ததும் தொண்ணூற்று நான்கு.

உருளுகிற எதுவும்
தன் சுற்றளவில்தான் பிழை விடும்.
சின்ன உருளை என்றால் முப்பத்தெட்டில் வந்திருக்கும்,
சூடாக்கி என்றால் நூறைத் தாண்டியிருக்கும்.
இது ட்றம்.
ஆனாலும் சும்மா பழி போடக்கூடாதே,
நீல ட்றம்மையும் அதையும் இடம் மாற்றிப் பூட்டினேன்.
கோடு நீலமாய் வந்தது,
சட்டை மாற்றிய கள்ளன்.

வெளிச்சம் படக்கூடாது அதற்கு.
விளக்கை அணைத்து, குடைக்குக் கீழ் பிடித்து,
போனின் திரை மினுக்கத்தில் திருப்பிப் பார்த்தோம்.
பச்சைத் தோலில் நீளப்பாட்டுக்கு ஒரு கீறல்.
போன கிழமை சிக்கின தாளை உள்ளே கை விட்டு இழுத்தது யார்?
நான் கேட்கவில்லை.
கோபிதன் மோதிர விரலைக் காற்சட்டைப் பைக்குள் வைத்திருந்தான்.

வெள்ளவத்தையில் சொல்லி இரவு பஸ்ஸில் எடுப்பித்தேன்.
புதன் விடியப்புறம் நனைந்தபடி நிற்க
ட்றைவர் சீற்றுக்குக் கீழிருந்து,
ஒரு பெட்டி ரம்புட்டானுக்குப் பக்கத்திலிருந்து
இழுத்துத் தந்தார்.

பூட்டினேன். பிள்ளையார் முழுதாய் வந்தார்.
தேவாரம் வந்தது, நன்றி நவிலல் வந்தது.
காலமானவரின் நெற்றி துலங்கிற்று.
மூக்கில் ஒரு கோடு.

திரும்பவும் அடிமட்டம்.
எங்கிருந்து எதற்கு அளப்பது?
ஒன்றுதான் இருந்தது,
வெள்ளையாய், கொஞ்சம் வளைந்து.
திரையைப் பெருப்பித்தேன். அங்கேயும் இருந்தது.

மகள் தர்மினி சண்டிலிப்பாயிலிருந்து
மழைக்கோட்டோடு வந்தாள்.
"அம்மான்ரை பேர்ஸுக்குள்ளை மடிஞ்சு கிடந்த படம்.
வேறை படம் இல்லை."
"அப்பிடியே விடுவமே?" என்றேன்.
இரண்டு நாள் கோடுகளோடு மல்லுக்கட்டியவனுக்கு
இது ஒன்று பிடித்துப் போயிருந்தது.
"எடுத்துவிடுங்கோ. அப்பா
கசங்கின சேட்டோடை படலை தாண்டமாட்டார்."

மேல் பாதிக்கும் கீழ் பாதிக்கும் நடுவில்
ஒன்றுமே இல்லாத இரண்டு மில்லிமீற்றர்.
கன்னத்தில் கொஞ்சம் எடுத்து நிரப்பினேன்.
தோல் பொருந்தியது, எலும்பு பொருந்தவில்லை.
"கோபி, இஞ்சை வா, விளக்குக்கு நேரை நில்."
அவன் நின்றான்.
பார்த்துப் பார்த்துக் கீறினேன்.

வியாழன் காலை, கட்டிய பொதியில்
மேலிருந்த பிரதியை எடுத்து
தர்மினி கனநேரம் பார்த்தாள்.
"அச்சு அசல் அப்பா" என்றாள்.
கோபிதன் மூக்கைத் தடவியபடி
பில் எழுதிக்கொண்டிருந்தான்.