சத்தம் இல்லாத நாலு மாதம்

பற்றுச்சீட்டை மான் தின்றுவிட்டது என்றாள் பவளராணி.
வேறு ஊரில் இதைச் சொல்லிப் பொருள் கேட்க முடியாது.
திருகோணமலையில் முடியும்.
அப்போதும் ஒன்று கடை வாசலில் நின்று
டிவி வந்த அட்டைப்பெட்டியின் மூலையை
நக்கிக்கொண்டிருந்தது.
சரி, எந்தப் பெட்டி என்றேன்.
முப்பத்திரண்டு அங்குலம். படம் வரும், குரல் வராது.

நான் திருத்துகிற பெட்டி எல்லாவற்றையும்
மிருகங்கள் ஓடும் சேனலில் விட்டுத்தான் பார்ப்பேன்.
செய்தியில் சிவப்பும் நீலமும்தான்.
நாடகத்தில் எல்லா முகத்திலும் ஒரே மா.
பச்சை பிசகினால் புல் காட்டிக்கொடுக்கும்,
மஞ்சள் பிசகினால் சிங்கம்.
தோல் நிறத்துக்குத் தொகுப்பாளன்:
வெயிலில் வெந்த அந்தக் கழுத்துச் சிவப்பு
சரியாக வந்துவிட்டால் காசு கேட்கலாம்.

ஆகவே என் கடையில் எந்நேரமும் ஒருவன்
எதையாவது பிடித்துக்கொண்டிருப்பான்.
எந்நேரமும் அவனைப் பற்றி ஒரு சண்டை.

முதலையின் வாலைப் பிடிப்பவனை
வெல்டிங் கடை யோகதாசனுக்கு ஆகாது.
"அது தன்ர பாட்டில கிடந்தது.
இவன் ஏன் போய் எழுப்பிறான்?
வாயைத் திறந்து பல்லை வேற எண்ணுறான்."
சொந்தப் பல்லைக் காட்டப் பயந்து
மூன்று வாரமாய்க் கன்னம் வீங்கித் திரிகிறவன்
சொல்கிறான்.

புதருக்குள் இருந்து கிசுகிசுக்கிற கிழவர்தான்
மனிதர் என்பார் ரெஜினோல்ட் மாஸ்டர்.
"மரியாதை தெரிஞ்சவர். குரலிலேயே அடக்கம்."

மாஸ்டர், எல்லாருக்கும் ஒரே குரல், என்றேன்.
சென்னையில் யாரோ ஒருவர், குளிரூட்டிய அறையில்.
காலையில் முதலைக்காரன்,
பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கிழவர்.
'ழ' வருகிற இடத்தைக் கவனியுங்கள்,
ஒரே மாதிரி வழுக்குகிறார்கள்.

மாஸ்டர் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்தார்.
"இருக்கட்டும். இவருக்காகக் கதைக்கேக்க
அந்த ஆளுக்கும் அடக்கம் வருகுதுதானே."

கிண்ணியா ஜுனைதீன் வேறு கட்சி.
அவர் படகில் ஒருவன் ஏறியிருக்கிறான், திமிங்கிலம் தேடி.
பத்து நாள். பத்து நாளும் வாளிக்குள் தலை.
பதினோராம் நாள் சுவாமி மலைக்கு அப்பால்
கரிய முதுகொன்று எழும்பியது.
வாயைத் துடைத்தானாம், தொப்பியைப் போட்டானாம்,
கடலிலேயே பிறந்தவன் மாதிரிச் சிரித்தானாம்.

"நடிப்பு," என்றான் யோகதாசன்.
"தொழில்," என்றார் ஜுனைதீன்.
"நீ வெல்டிங் கண்ணாடிக்குப் பின்னால அழுதா
எங்களுக்கு விளங்குமா?"
யோகதாசன் கன்னத்தைத் தடவிக்கொண்டான்.

பவளராணி இவர்கள் பக்கம் திரும்பவேயில்லை.
திரையில் அவளுடைய ஆள் வந்திருந்தான்,
ஆமைகளுக்குப் பின்னால் முழங்காலில் நடக்கிற இளைஞன்.
நாலு மாதமாய் ஆஸ்பத்திரி இரவு வேலை முடிந்து வந்து
காலைச் சாப்பாட்டோடு
ஊமைப் பெட்டியில் அவனைப் பார்த்திருக்கிறாள்.
"கை வைக்கிற விதத்தைப் பாருங்கோ,
நாடி பிடிக்கிற மாதிரி.
கூச்சக்காரன். அதிகம் கதைக்க மாட்டான்."

ஒலிபெருக்கியின் அறுந்த வயரைப் பற்றவைத்தேன்.
ஈயப் புகை அடங்குமுன் அவன் கத்தினான்:
"அடேங்கப்பா! நண்பர்களே! என்னா ஒரு ஆமை!"
அதே சென்னைக்காரர்,
மாலைத் தேநீர் குடித்த தெம்பில்.
வாசலில் மான் துள்ளி விலகியது.

பவளராணி திரையைப் பார்த்தாள்,
வார்டில் பெயர் மாறிப்போன நோயாளியைப் பார்ப்பதுபோல.
நிறுத்தச் சொல்லவில்லை.
அந்த ஆமை முட்டை முழுவதையும் இட்டு
மண் மூடிவிட்டுப் போகும்வரை
அவன் கூச்சலைக் கேட்டிருந்தாள்.
பிறகு காசை எண்ணி வைத்தாள், முழுக் காசும்.
ரிமோட்டை வாங்கி
ஒவ்வொரு கோடாய்க் குறைத்துப்
பூச்சியத்தில் விட்டாள்.

"இப்ப சத்தம் வேலை செய்யுதுதானே?"
ஓம், என்றேன்.
"அது காணும்."