ஏழு முறை விற்ற கோழி

ஆராதனை முடிந்து
ஆலய வாசலில் ஏலம்.
காசில்லாதவர்கள் கொண்டுவந்த காணிக்கை:
ஒரு வாழைத்தார், பாதிப் பூசணி,
கால் கட்டிய சிவப்புக் கோழி.

கிளிமஞ்சாரோ அன்று மேகத்துக்குள் இருந்தது.
டோடோமாவிலிருந்து மாற்றலாகி வந்த எனக்கு
இங்கே மூன்றாவது ஞாயிறு.

வாத்தியார் கனான்கிரா
பத்தாயிரம் ஷில்லிங் கொடுத்துக் கோழியை எடுத்தார்.
எடுத்த கையோடு மேசைமேல் வைத்தார்.
மரக்கடைக்காரர் பன்னிரண்டாயிரம். அவரும் வைத்தார்.
தையற்காரி வைத்தாள்.
ஆறு பேர் வாங்கி ஆறு பேரும் வைத்துவிட,
யாருக்கும் பிடிக்காத கோழி போலிருக்கிறது என்று
ஏழாவதாக நான் கேட்டேன்.

கக்கத்தில் இடுக்கி நடந்தேன்.
மனசுக்குள் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது.

யாரும் தடுக்கவில்லை.
ஏலம் போடுகிற எலினாமி மட்டும்
பக்கத்தில் வந்து சொன்னார்:
"அனாயேலிக்கு விடுதிக் கட்டணம்.
இன்னும் முப்பதாயிரம் குறைகிறது."

கோழி யார் கொடுத்தது?

"அவள் அம்மாதான்.
தன் பிள்ளைக்கென்று அவளுக்குத் தெரியாது.
பெயர் சொல்லிப் பிரிப்பது
இங்கே வழக்கமில்லை."

என் விரல்களுக்குள்
அந்தச் சின்ன நெஞ்சு படபடத்தது.
திரும்பிப் போய் வைத்தேன்.

எட்டாவது ஆள் இல்லை.
எல்லோர் பையும் வற்றியிருந்தது.
"உங்களுடையதுதான், கொண்டுபோங்கள்"
என்றார்கள் சிரித்தபடி.

அறுக்க மனம் வரவில்லை.
கொல்லையில் கிளறிக்கொண்டு திரிகிறது.
முட்டைகளைத் துணியில் சுற்றி
ஞாயிறுதோறும் எடுத்துப்போகிறேன்.

நான் முட்டை தின்று
இரண்டு மாதமாகிறது.