மதுரையைக் கழித்தல்

தூத்துக்குடி வண்டி மாட்டுத்தாவணிக்குள் திரும்பும்போது
மணி நாலேகால்.
பின்சீட்டுக்கு அடியில் மூன்று கேன் கடல்.
"தண்ணிக்கா லக்கேஜ் போட்டீங்க?" என்றேன்.
"கனம் கனந்தானம்மா" என்று
கைப்பிடியில் சுற்றியிருந்த சீட்டைக் காட்டினார் நடத்துனர்.
இந்த ஊர் ஆறு கடல்வரை போவது அபூர்வம்.
கடல்தான் டிக்கெட் எடுத்து வருகிறது.

சரக்குக் கப்பலின் இயந்திர அறையில்
ரீகன் பர்னாந்து என்றொருவர்
குழாயைத் திறந்து பிடிக்கிறார்,
கேனின் சுவரில் எதுவும் ஒட்டாதிருக்க
ஒரு மூடி அமிலம் விடுகிறார்,
அட்சம், தீர்க்கம், நேரம் எழுதி ஒட்டுகிறார்.
ஆளைப் பார்த்ததில்லை. கையெழுத்து தெரியும்.
மூன்றாவது கேனில் கூடுதலாக ஒரு வரி:
"மழை. கரை தெரியவில்லை. காப்பித்தூளும் தீர்ந்தது."
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

நாகமலை அடிவாரத்தில் எங்கள் ஆய்வகம்.
கடலை வடிகட்டி
மஞ்சள் பொடி தூவிக் கலக்குவேன்.
சீசியத்தைக் கவ்விக்கொண்டு பொடி அடியில் படியும்.
இருபது லிட்டர் கடல்
விடிவதற்குள் ஒரு கரண்டி மஞ்சள்.

ஈயக் கோட்டைக்குள் அதை வைக்குமுன்
வெறும் குப்பியை வைத்து எண்ண வேண்டும்.
வெறும் குப்பியிலும் எண் ஏறும்.
மேலூர்க் கல் பாவிய தரை,
சூளைச் செங்கல்,
ஓட்டைப் பிளந்து இறங்கும் வானம்,
ராத்திரி தின்ற வாழைப்பழத்தோடு
பக்கத்தில் நிற்கிற நான்,
எல்லாரும் உள்ளே எட்டிப் பார்க்கிறோம்.
கடலைக் கேட்க
முதலில் மதுரையைக் கழிக்க வேண்டும்.

எண்பதாயிரம் விநாடி ஒரு கேனுக்கு.
முதல் கேன்: கண்டறியும் எல்லைக்குக் கீழ்.
பூஜ்யம் என்று எழுதக் கூடாது. கீழ், அவ்வளவுதான்.
இரண்டாவதும் அப்படியே.
மூன்றாவது இருபத்தோராயிரத்தில் இருக்கையில்
மாதாந்திரப் பராமரிப்பென்று கரண்ட் போனது.
மறுபடி ஒன்றிலிருந்து.

மறுநாள் திரையில் ஒரு மேடு.
பேருந்து ஜன்னலில் விடியலுக்கு முந்தைய யானைமலை போல,
இருக்கிறதா
இருட்டு கொஞ்சம் கெட்டியா என்று தெரியாத மேடு.
வயிறு ஒருமுறை சுருண்டது.
பழைய ஏடுகளைப் புரட்டினேன்.
போன வருடம் இதே உயரம், அதற்கு முன்னும்.
யாரோ எங்கோ என்றோ வெடித்ததன் மிச்சம்,
எல்லாக் கடலிலும் கரைந்து கிடப்பது.
பாதியாக முப்பது வருடம் எடுத்துக்கொள்ளும்.
எனக்கு வருகிற மாசியில் முப்பது.
நான் பிறந்தபோது கடலில் இருந்ததில் பாதி
இன்னும் அங்கேதான்.

வழக்கமான அளவு, என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

கழுவிய கேன்களைச் சாயங்கால வண்டியில் ஏற்றினேன்.
ஒன்றின் கைப்பிடியில் அரைக் கிலோ காப்பித்தூள்
சணலால் கட்டித் தொங்கியது.
"வெறுங்கேனுக்கு லக்கேஜ் இல்லை" என்றார் நடத்துனர்,
முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.

இன்றிரவு குப்பி காலி.
மதுரை எவ்வளவு என்று
மறுபடி எண்ண வேண்டும்.