மேல்மாடிக்கு

பின்மண்டையில் எடுக்க இனி ஒன்றுமில்லை,
இரண்டு தரம் எடுத்தாயிற்று, என்றார் டொக்டர் அபேவிக்ரம.
திம்பிரிகஸ்யாய, மூன்றாம் மாடி,
ஏசிக் குளிரில் என் தலை
முற்றிய நீத்துப்பூசணிபோல் வெளிச்சத்தில் இருந்தது.
சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு
நாடியைப் பிடித்து நிமிர்த்தினார்.
"இங்கே நிறைய வைத்திருக்கிறீர்களே."

நாற்பத்தொன்பது வயதில் முதன்முறையாக
என் தாடியை ஒருவர்
இருப்பு என்று கணக்கெழுதினார்.

தொண்ணூற்றாறில் வெள்ளவத்தைக்கு வந்தபோது
அது வேறு கணக்கில் இருந்தது.
லொட்ஜில் ஆறு பேருக்கு ஒரே கண்ணாடி.
விடியமுன் வழித்துவிட வேண்டும்,
இல்லாவிட்டால் வெளியே இறங்கக்கூடாது.
நன்றாக வழித்திருந்த ஒரு நாள்
கிருலப்பனைச் சந்தியில் ஒருவன்
அடையாள அட்டையை வாங்காமலே
என் கன்னத்தைப் பெருவிரலால்
கீழிருந்து மேலாகத் தடவினான்.
இன்றைக்கு ஏன் வழித்தாய் என்று கேட்டான்.
எந்தப் பாஷையிலும் என்னிடம் விடை இருக்கவில்லை.

எத்தனை ஆயிரம் காலைகள்.
எல்லாம் குழாய்வழியே இறங்கிக்
கடலுக்குத்தான் போயிருக்கும்.
பின்னேரம் நாலு மணிக்கு மறுபடி கறுக்கும்.
மேலே இருந்தது மட்டும்
யாரும் கேட்காமலே போய்க்கொண்டிருந்தது.

தாடைக்குக் கீழே போடுகிற ஊசி
தலையில் போடுவதைவிட நோகும்.
இதை ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.
பிறகு மரத்தது. பிறகு
சிறு ஊசித்துளையின் கிர்ர் சத்தம்,
கிண்ணத்தில் குளிர்ந்த உப்புநீர்,
ரிஸ்மியா என்ற பிள்ளையின் தணிந்த குரல்:
எழுநூற்றி நாலு,
எழுநூற்றி அஞ்சு,
அசைய வேணாம் சேர்.

தலைமயிர் இரண்டு மூன்றாகக்
குடும்பமாய் வருமாம் ஒரு வேரில்.
தாடிமயிர் அநேகமாய்த் தனியாள்.
தடித்தது, சுருண்டது,
முன்வரிசையில் விடமாட்டோம் சேர், முரடாய்த் தெரியும்,
நடுவிலயும் உச்சியிலயும்தான் நடுவோம் என்றாள்.
எங்கள் லொட்ஜைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

கவிழ்ந்து கிடந்தபோது
பொலிஸ் பதிவுப் படிவம் ஞாபகம் வந்தது.
பெயர். முன்பு வசித்த இடம். வந்த காரணம். தங்கும் காலம்.
வந்த காரணம் என்ற இடத்தில் அன்று
வெளிநாடு போக, என்று எழுதினேன்.
போகவில்லை.
இன்று ஆயிரத்து நூற்றிப் பன்னிரண்டு பேர்
தாடைக்குக் கீழிருந்து உச்சிக்கு ஏறினார்கள்,
ஒரு படிவமும் இல்லாமல்.

மூன்றாம் கிழமை எல்லாம் கொட்டிற்று.
கொட்டும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.
தவமலர் தலையணை உறையைப் பல்கனியில் உதறி,
"உதறுப்படுறது எங்கட காசு" என்றாள்.

ஐந்தாம் மாதம் வந்தன.
அஞ்சுக்கு ஒன்று வெள்ளை.
டீவி பார்த்துக்கொண்டிருந்தவள்
ஏதோ நினைவில் கை வைத்துவிட்டு
சட்டென்று எடுத்தாள்.
"என்னப்பா இது, உச்சியில
உங்கட கன்னம் இருக்கு."
பிறகு மறுபடி வைத்தாள்.

கீழே இப்போது சவரம் சீக்கிரம் முடிகிறது.
சில இடங்களில் பிளேட் சத்தமில்லாமல் போகும்.
குனிந்து பார்த்தால் வெள்ளைப் புள்ளிகள்,
காலிசெய்த அறைகளில் ஆணி இருந்த ஓட்டைகள்போல.

மரீன் டிரைவில் பின்னேரம் நடக்கையில்
கடற்காற்று வந்தால் மற்ற மயிர்
சொன்ன பக்கம் சாயும்.
இவை சாயா. எழும்பி நிற்கும்,
யாரோ அட்டையைக் கேட்டதுபோல.

தேங்காயெண்ணெய் வைத்துப் பார்த்தேன்.
கேட்கிற சாதியில்லை.