வால் கொழுப்பு

கந்தியகாஷ் சந்திப்பில்
இருபத்தேழு வருடமாய்ச் சக்கரம் தட்டுகிறேன்.
நீளக் காம்புச் சுத்தியல்.
நல்ல சக்கரம் கணீரென்னும்.
விரிசல் விட்டது
சளி பிடித்தவன்போல் ஒரே ஒரு சொல் சொல்லும்.
அதற்கு மேல் அந்தப் பெட்டி நகராது,
உள்ளே அமைச்சரே உறங்கினாலும்.

என்னைத் தட்டிப் பார்த்தவள் நெல்லி சோய்,
ரயில்வே மருத்துவமனை, மூன்றாம் அறை.
சர்க்கரை வழிக்கு வந்துவிட்டது ஒராஸ்பெக்,
கொழுப்புதான் அதிகம் என்றாள்.
'முப்பது வருடமாய் நான் சொல்வதுதானே'
என்றாள் கூட வந்த பக்தாகுல்.

நான்கு புள்ளி ஒன்று.
ஒன்று புள்ளி எட்டுக்குக் கீழே வரவேண்டுமாம்.
வலிக்கவில்லையே என்றேன்.
வலிக்காது. முதல் வலியே
கடைசி வலியாகவும் இருக்கலாம்.
சர்க்கரை இல்லாதவன் இதே எண்ணோடு வந்தால்
பொறுத்துப் பார்ப்போம் என்பேன்.
உங்கள் குழாய் ஏற்கெனவே சொரசொரத்தது,
ஒட்டிக்கொள்ளும்.

இரவுக்கு ஒரு மாத்திரை.
கால் சதை கரையும், ஈரல் போகும் என்றான்
சிக்னல் அறை எர்மெக்.
மூன்று வாரம் விழுங்கினேன். ஒன்றும் நடக்கவில்லை.
கரையவுமில்லை, போகவுமில்லை,
நன்றாக இருப்பதாகவும் தோன்றவில்லை.
பிறகு தினம் ஒன்றாய்ப் பட்டையிலிருந்து பிதுக்கி
நிலக்கரி வாளியில் போட்டேன்.
பட்டை காலியாவதைப் பார்த்து
பக்தாகுல் நிம்மதியாகத் தூங்கினாள்.

மார்ச்சில் மகளுக்கு நிச்சயம்.
எங்கள் பக்கத்தில் சம்பந்திகள் எதிரெதிரே அமர்ந்து
செம்மறியின் வால் கொழுப்பையும் ஈரலையும்
கையால் ஊட்டிக்கொள்ள வேண்டும்.
தின்றபின் சொல் மாறக்கூடாது.
கொழுப்புதான் சாட்சி.

மாப்பிள்ளையின் அம்மா ராப்பிகா கையை நீட்டினாள்.
எல்லோரும் கைதட்டினார்கள்.
அவள் விரல் நுனியின் ஓரத்தில்
கறுப்புப் புள்ளிகள், பொடிப்பொடியாய்.
ஊசி குத்திக் குத்தி வந்தவை.
எனக்கும் உண்டு, அதே விரலில்.
வாயில் விழுந்தது ஈரல். மேலே
நகக்கண் அளவு கொழுப்பு.
குனிந்து, மற்றவர் காதில் விழாமல் கேட்டாள்:
'மாத்திரை போடுகிறீர்கள்தானே?'
வாய் நிறைய இருந்தது. தலையாட்டினேன்.

சாட்சி தொண்டையில் இறங்கும்போதே
சம்பந்தியிடம் முதல் பொய்.

அன்றிரவு வாளியைக் கிளறினேன்.
கரிதான் வந்தது.
மறுநாள் வேலை முடிந்து
சுத்தியலோடே போய் நின்றேன் மருந்துக்கடையில்.
கடைக்காரப் பெண் பயந்துவிட்டாள்.

ஜூனில் இரண்டு புள்ளி மூன்று.
போதாது, அளவைக் கூட்டுகிறேன் என்கிறாள் நெல்லி சோய்.
கால் சதை இருக்கிறது. ஈரலும்.
தண்டவாள ஓரம் தினம் எட்டாயிரம் அடி,
அது சம்பளத்திலேயே சேர்த்தி.

கல்யாணம் ஆகஸ்டில்.
ராப்பிகா குதிரைத் தொத்திறைச்சி அனுப்பியிருக்கிறாள்,
ஒரு முழம்.
பக்தாகுல் எதுவும் பேசாமல்
கத்தியைத் தீட்டி வெட்டுகிறாள்.
ஒவ்வொரு வில்லையையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து,
அந்தப்பக்கம் ரயில் தெரிகிற அளவுக்கு
மெல்லிசாய்.