திரும்ப விடு

காலை ஒன்பது நாற்பது.
வெஸ்ட் கோஸ்ட் தளத்தில் பதினெட்டாம் மாடிக்குக்
கம்பிக்கட்டு ஏற்றிக்கொண்டிருந்தோம்.
கீழே நான், சிக்னல்காரன், கையில் வாக்கி-டாக்கி.
மேலே, எழுபது மீட்டரில், கிரேன் கூண்டுக்குள்
லிம் பூன் கியாட்.

முதலில் பார்த்தவன் ரஃபீகுல்.
"பாய், கடல்ல பாம்பு."

புக்கோம் தீவின் எண்ணெய்த் தொட்டிகளுக்கு இந்தப் பக்கம்
மேகம் ஒற்றைக் காலை ஊன்றியிருந்தது,
நங்கூரமிட்ட கப்பல்களுக்கு நடுவில்.
மெலிந்த கால். சாம்பல் நிறம்.
பாதத்தைச் சுற்றி நீர் வெள்ளையாய்ப் புகைந்தது.

மேகம் கடலைக் குடிக்கும் என்று
பள்ளியில் செய்யுளாய் ஒப்பித்தவன் நான்.
அது குடிக்கும்போது எதிரே நிற்க நேர்ந்தால்
என்ன செய்வது என்பதற்கு
உரையாசிரியர் எவரும் குறிப்பு எழுதவில்லை.

ஒரு நிமிடம்,
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்,
அழகாக இருந்தது.
எல்லோரும் கைபேசியை உயர்த்தினார்கள்.
சிமெண்ட் லாரிக்காரர் லாரியின் முதுகில் ஏறி உயர்த்தினார்.
நானும் உயர்த்தினேன்,
வாக்கி-டாக்கியை இடுக்கியிருந்த அதே கையால்.

அதற்குள்ளிருந்துதான் குரல் வந்தது:
"பிரதர், காத்து மாறுது லா."

அந்தரத்தில் இரண்டு டன் இரும்பு.
அப்போதுதான் எனக்கு அது கனத்தது.
இறக்கு, இறக்கு, இடது, நில், இறக்கு.
மண்ணில் பட்டதும் கொக்கியைக் கழற்றினோம்.
வெறுங் கொக்கி விறுவிறுவென்று மேலே போனது.
ஆள் மட்டும் இறங்க முடியாது.
ஏணி ஏழு நிமிடம்.
காற்றுக்கு ஏழு நிமிடம் தேவையில்லை.

பாதுகாப்பு அதிகாரி குமுதவல்லி
மூன்று மொழியில் கத்திக்கொண்டு ஓடி வந்தார்.
அடித்தளக் கார் நிறுத்தத்துக்குள் எங்களைத் தள்ளினார்,
தலை எண்ணினார்.
அறுபத்து மூன்றில் அறுபத்திரண்டு.
மறுபடி எண்ணினார்.

"பிரேக்கை விட்டாச்சா?" என்றேன்.
"விட்டாச்சு."
புயலில் கிரேன் பிடிவாதம் பிடிக்கக் கூடாது.
கழுத்தை அவிழ்த்துவிட வேண்டும்,
காற்று எந்தப் பக்கம் சொன்னாலும் திரும்பட்டும் என்று.
பயிற்சியில் இதை ஒரு வரியாகத்தான் படித்தோம்.
அந்த வரிக்குள் இருக்கையில் வாரால் கட்டப்பட்ட ஒருவன்
உட்கார்ந்திருப்பான் என்று தோன்றவில்லை.

பிறகு தகரம் பறந்தது. ஒட்டுப்பலகை பறந்தது.
நீலக் கழிப்பறை ஒன்று
கதவை அடித்து அடித்துச் சாத்தியபடி
வேலியைத் தாண்டிப் போனது.
வாக்கி-டாக்கியில் இரைச்சல்.
இரைச்சலுக்குள் ஏதோ எண்ணும் ஓசை,
ஹொக்கியனில்.
அது எண்ணா, வேண்டுதலா என்று
எனக்கு விளங்கவில்லை; கேட்கவும் இல்லை.

கரை தொட்டதும் கால் அறுந்துவிட்டது என்றார்கள்.
மழை மட்டும் மிச்சம்.

பூன் கியாட் இறங்கி வந்து
கடைசிப் படியிலேயே உட்கார்ந்தார்.
"ஜூரோங் பார்த்தேன். கடல் பார்த்தேன்.
மறுபடி ஜூரோங்."
தே-ஓ வாங்கிக் கொடுத்தோம்.
பையின் கயிற்றை விரலில் மாட்டிக்கொண்டார்;
உறிஞ்சுகுழல் வாயைத் தேடிக் கொஞ்ச நேரம் அலைந்தது.

இரவு பெஞ்சுரு விடுதியில்
எல்லாக் கைபேசியிலும் அதே காணொளி.
அடுக்குமாடி பால்கனியிலிருந்து யாரோ எடுத்தது,
நாற்பத்தொரு விநாடி.
"வாவ்" என்று ஒரு குழந்தை. சிரிப்பு.
நடுவில் அந்தச் சாம்பல் கால்.
வலது ஓரத்தில், எவர் கண்ணும் போகாத இடத்தில்,
தீக்குச்சி போல ஒரு கிரேன்
மெதுவாகத் திரும்புகிறது.
இரண்டு விரலால் விரித்தேன்.
கூண்டு இருக்க வேண்டிய இடத்தில்
நான்கு சதுரப் புள்ளிகள்.
அதில் எது அவர் என்று தேடித் தூங்கிப்போனேன்.

எனது கைபேசியில் இருந்ததை அழிக்கவில்லை.
யாருக்கும் அனுப்பவும் இல்லை.

மறுநாள் ஏழரைக்கு ஏணியில் அவர் பூட்ஸ் சத்தம்.
நடுவில் ஒருமுறை நின்றது. பிறகு ஏறியது.
முதல் சுமை:
பக்கத்துக் கால்வாயில் கவிழ்ந்து கிடந்த நீலக் கழிப்பறை.
பட்டை மாட்டிக் கை உயர்த்தினேன்.
"மெதுவா சொல்லு பிரதர்," என்றது பெட்டி,
"உள்ள ஆள் இருக்கான்னு
கதவைத் தட்டிப் பாத்தியா?"

தட்டிப் பார்த்தேன்.