காலப் பிழை

ஏழாம் வகுப்பு, பி பிரிவு. பள்ளிபாளையம்.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தறி ஓடுவதால்
பாடத்தைக் கத்தித்தான் நடத்த வேண்டும்.
‘ஆளோலை’ என்று கத்தினேன்.
ஆளை விற்றுக் கைமாற்றிய ஓலை.
இருநூறு வருசம் பின்னால் போய்
ஓர் அடிமையின் ஒருநாளைக் கதையாக எழுதி வாருங்கள்.

சங்கிலி எத்தனை கிலோ இருக்குங்க டீச்சர்?
நோம்பிக்கு லீவு விடுவாங்களா?
ஓடிப்போனா போலீஸ் புடிக்குமா,
அப்போ போலீஸ் இருந்துச்சுங்களா?
மாதேஸ் எதுவும் கேட்கவில்லை.
பென்சில் சீவிக்கொண்டிருந்தான்,
ஏற்கெனவே கூராக இருந்ததை.

முப்பத்தெட்டுக் கதைகள்.
பாதிக்கு மேல் குதிரை வருகிறது.
ஹரிணியின் அடிமை கடைசியில் ராஜா ஆகிவிட்டான்,
அவனுக்கு நூறு அடிமைகள்.
மாதேஸ் எழுதியது ஒன்றரைப் பக்கம்:
‘அவன் விடியும் முன்னே எழுகிறான்.
மூக்கில் பஞ்சு ஏறுகிறது.
வேறு ஊருக்குப் போக நினைக்கிறான்.
வாங்கின பணம் விடமாட்டேன் என்கிறது.
சனிக்கிழமை சம்பளத்தில் பிடிக்கிறார்கள்.
பிடித்தாலும் அது குறைவதில்லை.’
பதினோரு வினைமுற்றுகளைச் சிவப்பில் வட்டமிட்டு
ஓரத்தில் எழுதினேன்: காலப் பிழை.
வரலாற்றுக் கதை இறந்தகாலத்தில் வர வேண்டும்.
எழுகிறான் அல்ல, எழுந்தான்.

மறுநாள் நோட்டோடு மேசையருகே வந்து நின்றான்.
‘இன்னும் முடியலீங்க டீச்சர்.’
கதையா?
‘பாக்கிங்க.’

எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் பன்னிரண்டு தறி உண்டு.
மாமனார் மேசையில் ஒரு நீல அட்டை நோட்டு.
ஒன்பது வருசமாக அதன்மேல்தான்
என் காய்கறிப் பையை வைக்கிறேன்.
அன்று சாயங்காலம் பையை நகர்த்தினேன்.
பெயர், தொகை. பெயர், தொகை.
சில இடங்களில் அப்பன் பெயரை அடித்து
மகன் பெயர்.
தொகையை மட்டும் யாரும் அடிக்கவில்லை.
கடைசிப் பக்கம்வரை புரட்டிவிட்டேன்,
ஒரு வினைச்சொல் இல்லை.
எந்தக் காலம் என்று எதைவைத்துச் சொல்வது.

ஹெச்.எம். மார்க் பட்டியல் கேட்கிறார்.
முப்பத்தேழு பேருக்குப் போட்டாயிற்று.
சிவப்பு மை ரப்பருக்கு அழிவதில்லை,
தேய்த்துத் தேய்த்துத் தாள் மெலிகிறது.
பின்பக்கம் ஷிப்ட் மாறுகிறது.
யாரோ இருமிக்கொண்டே
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறார்.